உபதேசியார் கூட்டிப்போன தெருக்கள்

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்குவதற்குள் கோலியனூர் கூட்டுரோடு வந்துவிடும். நேரே போனால் வளவனூர், அதைத் தாண்டிப் புதுச்சேரி. வலப்பக்கம் திரும்பினால் பண்ருட்டி. ஆடி மாதத்தில் புத்துவாயி அம்மன் கோயிலுக்கு ஜனம் திரளும்போது கூட்டுரோட்டில் பஸ் நகராது. கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. குருப்பட்டம் பெற்ற கையோடு எனக்குக் கிடைத்த முதல் சபை இந்தப் பக்கத்துக் கிராமங்கள்தான். அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் ஆகவில்லை. அது நடந்தது 1993இல். நாங்கள் தென்னாற்காட்டுக்காரர்கள். தாய்ச்சபை ஒன்று, அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சபைகள். சில ஊர்களில் ஓடு வேய்ந்த ஜெபவீடு இருந்தது. சில ஊர்களில் அதுவும் இல்லை, வேப்பமரத்தடிதான்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இறையியல் கல்லூரி முடித்து முதல் சபைக்குப் போகிற பிள்ளைகள் சிலர் பார்க்க வருகிறார்கள். சபையை எப்படி வளர்ப்பது, வாலிபர்களை எப்படித் தக்கவைப்பது, பக்கத்துத் தெருவில் கீபோர்டும் டிரம்ஸுமாக நடக்கிற புதுச் சபைக்கு நம் ஆட்கள் போகிறார்களே, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைகள். அவற்றுக்கெல்லாம் நான் கோலியனூர்ப் பக்கத்து அனுபவத்தையே பதிலாகச் சொல்லி வருகிறேன். அந்தச் சபைகள் எனக்கு முன்பே இருந்தன. அவற்றை உண்டாக்க நான் போகவில்லை. அவற்றுக்குள் சேர்ந்துகொள்ளப் போனேன். அந்த நினைப்போடு ஒரு இளம் போதகர் உள்ளே நுழைந்தால் மற்ற காரியங்கள் தாமாக வழிக்கு வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அதைக் கற்றுக்கொடுத்தவர் அங்கிருந்த உபதேசியார். பட்டணத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு உபதேசியார் என்றால் யார் என்று தெரியாமல் இருக்கலாம். போதகர் மாதத்துக்கு ஒரு முறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊரிலேயே இருந்து ஜெபம் நடத்துகிறவர், பிள்ளைகளுக்குப் பாட்டும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கிறவர், சாவுக்கு முதலில் ஓடுகிறவர் உபதேசியார். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. எங்கள் உபதேசியாருக்கு அறுபதைத் தாண்டிய வயது. வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கேரியரில் பைபிளைக் கட்டிய சைக்கிள். நான் சேர்ந்த வாரமே வந்து நின்றார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஐயரே, பிரசங்கம் எப்ப வேணா பண்ணிக்கலாம். மொதல்ல ஜனத்தப் பாத்துடுங்க" என்றார்.

அவர் பின்னாலேயே போனேன். வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்க விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். நடவும் களையெடுப்பும் நடக்கிற மாதங்களில் காலை ஏழு மணிக்கு மேல் போனால் தெருவில் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் சில வீடுகள் பூட்டியே கிடக்கும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். ஞாயிறு ஆராதனைக்கு ஏன் ஆள் குறைகிறது என்பதற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல, வயிற்றுப்பாடு என்று அந்தப் பூட்டிய கதவுகள் சொல்லின. எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெண் புருஷனிடம் அடிபடுகிறாள், எந்தப் பையன் பத்தாவதோடு நின்றுவிட்டான் என்று போகிற வழியிலேயே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் நின்றதும் அந்தப் பேச்சை நிறுத்திவிடுவார். உள்ளே போனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்களாகச் சொல்லும் வரை நாமும் கேட்கக்கூடாது என்பது அவர் வழக்கம்.

வீடு சந்திப்பு என்ற பெயரில் கதவருகே நின்றபடி ஒரு ஜெபம், அடுத்த வீடு, அங்கேயும் ஒரு ஜெபம் என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் உபதேசியார் உட்காருவார். கொடுக்கிற தண்ணீரைக் குடிப்பார், கூழ் கொடுத்தால் கூழ் குடிப்பார். பள்ளிக்கூடம், மாடு, ரேஷன் கார்டு என்று பேச்சு ஓடும். கடைசியில் ஜெபம் பண்ணும்போது அந்த மாட்டையும் ரேஷன் கார்டையும் விடாமல் சொல்லி ஜெபிப்பார். ஜனங்களின் கண் அப்போதுதான் கலங்கும்.

இந்த உபதேசியார் மரபு பழையது. தமிழ்நாட்டில், ஏன் இந்தியாவிலேயே, புராட்டஸ்டன்ட் திருச்சபையில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற இந்தியர் ஆரோன் ஐயர். அவர் நம் பக்கத்துக் கடலூர்க்காரர். 1733இல் தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் உபதேசியார் வேலை பார்த்தவர். குருவான பிறகும் மாயவரம் சீமைக் கிராமங்களில் அலைந்து திரிந்தே ஊழியம் செய்து 1745இல் மறைந்தார். பட்டம் வாங்கிய பிறகு ஜனங்களைப் படிக்கிறோம் நாம். ஆரோன் ஜனங்களைப் படித்த பிறகு பட்டம் வாங்கினார். இன்று பல திருச்சபைகளில் உபதேசியார் பணியிடத்தையே விட்டுவிட்டார்கள். அது பெரிய நஷ்டம் என்றுதான் சொல்வேன். உங்கள் சபையில் உபதேசியார் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் யாராவது ஒருவர் இருப்பார். கோயிலைக் கூட்டுகிற அம்மாவாக இருக்கலாம், மணி அடிக்கிற கோயில்பிள்ளையாக இருக்கலாம். அவரைக் கண்டுபிடியுங்கள். முதல் வருஷம் அவர் சொல்லாமல் சபையின் எந்தப் பழைய வழக்கத்தையும் மாற்றாதீர்கள். பாட்டு நேரத்தைக்கூட மாற்றாதீர்கள்.

நான் போன காலத்தில் விழுப்புரத்துக் காயம் ஆறியிருக்கவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சுற்றுவட்டாரச் சேரிகளில் அந்தப் பயம் வெகுகாலம் இருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பெண்கள் ஊர்த்தெரு வழியாக வரத் தயங்குவார்கள். எங்கள் சபை ஜனங்களில் பெரும்பாலோர் அந்தச் சேரிகளில் இருந்தவர்கள். அவர்களிடம் போய் அன்பு, மன்னிப்பு என்று பிரசங்கிப்பதற்கு முன் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். உபதேசியார் அந்தக் கலவரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் மாலை ஜெபக்கூட்டத்தைப் பொழுது சாய்வதற்குள் முடித்து, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

சாதி வெளியில் மட்டும் இருப்பதில்லை, ஆலயத்துக்குள்ளும் வரும். இளம் போதகர்கள் இதற்குத் தயாராகப் போக வேண்டும். நம் வட்டாரத்தின் கதையே இதில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் மிஷனில் இருந்த ஓக்ஸ் ஐயர், சபைக்குள் சாதி வித்தியாசத்துக்கு அந்த மிஷன் இடம் கொடுத்ததை ஏற்க முடியாமல் வெளியேறினார். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையில் இருக்கிற மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். பிறகு 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் சம்பளத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு எடுத்த நிலை அது. ஆனால் அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே, தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்ட விவகாரம் 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே. எந்தத் திருச்சபையும் இன்னொன்றைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

என் காலத்தில் வசதியான ஒரு குடும்பம் புதிதாகச் சபையில் சேர்ந்தது. நல்ல காணிக்கை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து வீட்டுப் பெரியவர் வந்தார். "ஐயரே, திருவிருந்த எங்க வூட்லயே வந்து குடுத்துடுங்க. அம்மாவுக்கு அங்க வந்து உக்கார முடியல" என்றார். அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர். எனக்குப் புரிந்தது, உபதேசியாருக்கும் புரிந்தது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு வீட்டில் கொடுப்பது என் கடமை, நடக்க முடிகிறவர்கள் கோயிலுக்கு வாருங்கள், அங்கே எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான் என்று சொன்னேன். வீம்பாகச் சொல்லவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்தக் குடும்பம் கொஞ்ச நாள் வரவில்லை. காணிக்கையும் நின்றது. கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் அந்த வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த கிறிஸ்மஸுக்கு அந்த அம்மா தானே நடந்து வந்து, சேரிப் பெண்களுக்கு நடுவில் முழங்கால் போட்டார். இப்படி எல்லா நேரமும் நடக்காது. நடக்காவிட்டாலும் திருவிருந்து மேசையைப் பிரிக்கக்கூடாது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

துக்க வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போதகரை ஜனங்கள் எடை போடுவது சாவு வீட்டில்தான். செய்தி வந்த உடனே போய்விட வேண்டும். சந்தா பாக்கி இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆராதனைக்கு வந்தார் என்று அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கிற கமிட்டிகள் உண்டு. பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பாக்கியைக் கட்டச் சொல்வதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவு செய்து, மினிட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். பிறகு சண்டை வராது.

ஐப்பசி மழையில் ஒரு சாவு. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை முழுக்கத் தண்ணீர். சுற்றிப் போனால் இன்னொருவர் வயல் வரப்பு. அவர் வேறு சாதி, வேறு மதம். பையன்கள் வேகமாக இருந்தார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பிலேயே போய்விடலாம் என்றார்கள். உபதேசியார் அவர்களை நிறுத்தினார். என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வயல்காரர் வீட்டுக்குப் போனார். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உபதேசியார் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை, கும்பிடு மட்டும் போட்டார். "கெழவி ஒங்க நெலத்துல எத்தினி வருசம் நட்டுருக்கா, ஒங்களுக்கே தெரியும். அவ போறதுக்கு வழி வேணும்" என்றார். அந்த மனிதர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, வரப்பில் எந்த இடத்தில் கால் புதையும் என்று அவரே காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆடித் திருவிழாக் காலத்தில் நாங்கள் ஒலிபெருக்கி போடாமல் இருந்ததும், அம்மன் கோயில்காரர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வந்ததும் வீணாகவில்லை என்று அன்று தெரிந்தது. அக்கம்பக்கத்து மதத்தாரோடு உறவு இல்லாத சபை, கிராமத்தில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது.

இன்னொன்று. ஒரே வீட்டில் ஒரு மகன் கிறிஸ்தவன், இன்னொரு மகன் இந்து என்று இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். எந்த முறைப்படி அடக்கம் என்று தகராறு வரும். போதகர் நடுவீட்டில் நின்று வேத வசனம் சொல்லி வாதாடக்கூடாது. மூத்தவரைத் தனியாக அழைத்து, இறந்தவர் என்ன விரும்பினார் என்று கேட்டால் போதும், பெரும்பாலும் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

சாவுச் செய்தி நடுராத்திரியிலும் வரும். அப்படி அகால வேளையில் கதவு தட்டப்படுவதைப் பற்றிப் பேசும்போது திண்டிவனத்தை நினைக்காமல் இருக்க முடியாது. எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊர். 1890களில் அமெரிக்க ஆற்காடு மிஷனில் டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகள் ஐடா வந்திருந்தார். ஊழியத்தில் அவருக்கு நாட்டமே இல்லை, திரும்பிப் போய்விடும் எண்ணம். ஒரே இரவில் 3 பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கிற மனைவியைக் காப்பாற்ற வரச்சொல்லிக் கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடா மருத்துவம் படித்தவர் அல்ல. விடிந்தபோது 3 பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. தன் அழைப்பைப் பற்றிச் சந்தேகப்படுகிற இளம் போதகர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். தரிசனம் எதுவும் காணவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நம் கதவை யார் வந்து தட்டுகிறார்களோ அவர்களைக் கவனிப்போம்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. காணிக்கையைப் போதகர் எண்ணக்கூடாது. சபையார் இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் முட்டையும் நெல்லும் ஏலம் போகும். ஏலத் தொகையை அன்று மாலையே கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்துவிடுவார் உபதேசியார். வெளிநாட்டு உதவியோ பெரிய நன்கொடையோ இல்லாத அந்தச் சபையில் கணக்குச் சண்டை என்ற பேச்சு வந்ததே இல்லை.

திருமணத்தில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். அதன்படி திருமணத்தை நடத்தி வைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தனிச் சபை நடத்துகிற தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்பே வயதுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. "பொண்ணு வளந்துட்டா ஐயரே, ஊரு ஒரு மாதிரி பேசுது" என்று தாய் அழுவாள். அழுகையைப் பார்த்து இரங்க வேண்டியதுதான், பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. நான் அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு பெண் பிறகு செவிலியர் பயிற்சி முடித்து, கல்யாணத்துக்கு என்னையே அழைத்தாள்.

அதேபோல, சான்றிதழில் இந்துப் பெயரும் ஆலயத்தில் கிறிஸ்தவப் பெயருமாக இருக்கிற குடும்பங்களைப் பிரசங்க பீடத்திலிருந்து குத்திக்காட்டாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையைத் தரவில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்த உரிமையை விரித்துக் கொடுத்தார்கள்; கிறிஸ்தவருக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கும் தன் விசுவாசத்துக்கும் நடுவில் ஒரு தகப்பனை நிறுத்தியது அரசாங்கம். அவரை இரண்டாவது தடவை தண்டிக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

பிரசங்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். அடுத்த ஞாயிறின் வேதபகுதியைத் திங்கட்கிழமையே வாசித்துவிட்டு வீடு சந்திக்கப் போங்கள். சனிக்கிழமை இரவு யூடியூபில் தேட வேண்டிய அவசியம் வராது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிகளுக்குச் சங்கீதங்கள் மனப்பாடம். அவர்கள் முன்னால் பொய்யாகச் சத்தம் போட முடியாது. இருபது நிமிஷத்துக்குள் முடியுங்கள். அவர்கள் போய் உலை வைக்க வேண்டும்.

ஐயரம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. போதகரின் மனைவி சபையின் சம்பளமில்லாத ஊழியர் அல்ல. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வருகிறவர்களுக்கெல்லாம் காபி என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் ஊழியக்காரர் என்று பெயர் வாங்குகிறோம். அவர் விருப்பம் என்ன என்று கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதலே பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. ஆயராக வருகிற பெண்களிடம் மட்டும் சமையலறையையும் பலிபீடத்தையும் ஒன்றாகச் சுமக்கச் சொல்வதும் அநியாயம். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சபை முதலில் முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும்.

கடைசியாக, தனிமை. இளம் போதகர்கள் வெளியே சொல்லாத நோய் இதுதான். சபையார் மதிப்பார்கள், மனம் விட்டுப் பேச முடியாது. மேலிடத்தில் சொன்னால் குறையாக எழுதிக்கொள்வார்களோ என்ற பயம். கூடப் படித்தவர்கள் வேறு வேறு ஊரில். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் அசரியா எழுந்து பேசினார். இந்தியத் திருச்சபைக்காக மிஷனெரிகள் செய்த தியாகங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். வெள்ளைக்காரர்களைப் பார்த்து அவர் கேட்டதை இன்று இளம் போதகர்கள் நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள், வாய் திறக்காமல். எனக்கு உபதேசியார் இருந்தார். கிராமத்தில் பொழுது போய்க் கதவைச் சாத்திய பிறகும், சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, "தூங்கிட்டீங்களா ஐயரே" என்று கேட்கிற ஒரு ஆள் எனக்கு இருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

ஆகவே இதை வாசிக்கிற மூத்த போதகர்களிடமும், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷ இடமாற்றத்தில் உங்கள் பக்கத்துச் சபைக்கு யார் வந்திருக்கிறார் என்று விசாரியுங்கள். ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். உங்கள் காலத்துப் பெருமைகளை வைத்துவிட்டு, அவரைப் பேசவிடுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.